ஷிப்ட் திரும்பும் ஞாயிற்றுக்கிழமை

போன வாரம், ஆலையில் இப்போது ஷிப்ட் பார்க்கிற உங்களில் ஒருவர் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டு, "சார், சி ஷிப்ட் முடிஞ்சு ஏ ஷிப்ட் வர்றப்ப தூக்கத்த எப்படி சார் திருப்புறது? ரெண்டு நாளைக்குத் தல நிக்கவே மாட்டேங்குது" என்று கேட்டார். நான் ஏதோ சிரித்து மழுப்பிவிட்டு நழுவிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. கிரேனைப் பற்றிக் கேட்டிருந்தால் அங்கேயே நின்று டீ ஆறும் வரைக்கும் பேசியிருப்பேன். தூக்கத்தைப் பற்றிக் கேட்டால் இந்த வயதிலும் எனக்கு முகம் சுண்டிப்போகிறது. ஏன் என்று சொல்கிறேன். நடுவில் உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரித்துக்கொள்ளுங்கள், எனக்குப் பழகிவிட்டது.

எழுபதுகளின் கடைசி அது. அரியலூரைச் சுற்றியிருந்த சிமெண்ட் ஆலைகளில் ஒன்றில் என்னைக் கிரேன் ஆபரேட்டராகத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். ஒழுங்காக ஓட்டினால் பர்மனன்ட், இல்லாவிட்டால் வீட்டுக்கு. எங்கள் ஊர் உடையார்பாளையம் போகிற வழியில் இருக்கிறது. முந்திரியும் கடலையும்தான் பிழைப்பு. அந்த ஊரிலிருந்து ஆலைக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அதை வைத்துத்தான் எனக்குப் பெண்ணே கொடுத்தார்கள். வேலை போனால் ஊரில் தலை காட்ட முடியாது என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

ஷிப்ட் வாராவாரம் மாறும். காலை ஆறு மணிக்கு ஏ, மதியம் இரண்டுக்கு பி, இரவு பத்துக்கு சி. சி வாரம் முடிந்து ஞாயிறு காலையில் இறங்கினால், திங்கள் காலை ஆறு மணிக்கு ஏ ஷிப்டுக்கு வந்து நிற்க வேண்டும். ராத்திரியெல்லாம் முழித்துப் பழகிய உடம்பை அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பியாக வேண்டும். உங்களுக்கும் அதே கதைதான். ஆனால் உங்களுக்குக் குவார்ட்டர்ஸ் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரும் ஷிப்ட் பார்க்கிறவர், நீங்கள் தூங்கினால் ரேடியோவைக் குறைத்து வைப்பார். எங்கள் ஊரில் பகலில் படுத்திருப்பவன் ஒன்று காய்ச்சல்காரன், இல்லாவிட்டால் குடிகாரன்.

நான் சைக்கிளில் ஊருக்குள் நுழையும்போது எதிரே சனம் கூடையும் மண்வெட்டியுமாகக் கொல்லைக்காட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். "என்ன ராசு, நாங்கள்லாம் வேலைக்குப் போறோம், நீ படுக்கப் போறியா?" என்பார்கள். வெறும் கேலிதான். எனக்குச் சுருக்கென்று தைக்கும். இருபத்தைந்து வயதுக்காரன், கை கால் நன்றாக இருக்கிறது, பட்டப்பகலில் பாயை விரிப்பதா? அதனால் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நானும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் கொல்லைக்குப் போய்விடுவேன். ஊர் பார்க்கட்டும் என்று வரப்பு வெட்டுவேன். மத்தியானம் ஒரு மணி நேரம் முந்திரி மரத்தடியில் கண்ணயர்ந்தால் அதுதான் அன்றைய தூக்கம். வீம்பு, வேறொன்றுமில்லை.

இப்படி ஒரு சி வாரம் ஓடியது. திங்கட்கிழமை ஏ ஷிப்டுக்கு வந்து கிரேனில் ஏறினேன்.

கிரேன் ஹால் உங்களுக்குத் தெரியும். கீழே ஜிப்சம் குவியல், ஓரத்தில் பெரிய புனல் மாதிரி ஹாப்பர், அதன் அடியில் மில்லுக்குப் போகிற வழி. மேலே கேபினில் உட்கார்ந்து, தாடை மாதிரி வாயைத் திறந்து மூடுகிற இரும்புக் கிராபால் அள்ளி ஹாப்பரில் கொட்ட வேண்டும். அந்த நாளில் ஈர ஜிப்சம் ஹாப்பரில் அப்பிக்கொண்டு இறங்காது. அப்போது ஒரு ஆள் உள்ளே இறங்கிக் கடப்பாரையால் குத்திவிடுவார். அவர் வெளியே வந்து கையைத் தூக்கிக் காட்டும் வரைக்கும் கிராப் அந்தப் பக்கமே வரக்கூடாது.

அன்றைக்கு உள்ளே இறங்கியவர் ஆரோக்கியசாமி. ஏலாக்குறிச்சிக்காரர், கான்ட்ராக்ட் ஆள், என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். நான் கிராப் நிறைய அள்ளி ஓரமாக நிறுத்திக்கொண்டு காத்திருந்தேன். காத்திருந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டங் டங் என்று இரும்பில் இரும்பு மோதுகிற சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தால், கிராப் ஹாப்பருக்கு நேர் மேலே நிற்கிறது. கை லிவரில் சாய்ந்து கிரேன் தானாக நகர்ந்திருக்கிறது. கீழே ஆரோக்கியசாமி அண்ணாந்து என்னைப் பார்த்துக்கொண்டு, கடப்பாரையால் ஹாப்பர் சுவரை அடித்துக்கொண்டிருக்கிறார். இன்னொரு லிவரில் கை பட்டிருந்தால் அத்தனையும் அவர் தலையில்.

கேபினிலிருந்து இறங்கி அவரிடம் ஓடினேன். அவர் கத்துவார், அடிப்பார் என்று நினைத்தேன். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"தூங்கிட்டீங்களா தம்பி?"

"அண்ணே, யார்ட்டயும் சொல்லிடாதீங்க. பர்மனன்ட் ஆற நேரம்."

அதுதான் என் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு. அடி பட்டதா, பயந்துபோனீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சொல்ல மாட்டேன்," என்றார். "ஆனா தூங்கிட்டு வாங்க தம்பி. எனக்கு நாலு புள்ளைங்க."

அடுத்த சி வாரம் வந்தபோது என் மனைவி தவமணியிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். பெரிய மனுஷத்தனத்தால் இல்லை, தனியாகச் சுமக்க முடியவில்லை. அவளுக்குப் பகீரென்றது. மறுநாள் காலை நான் வந்ததும் சோற்றைப் போட்டு, ஜன்னலுக்குச் சாக்கைக் கட்டி, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு உள்ளேயே உட்கார்ந்து முறம் எடுத்து அரிசி புடைத்தாள். நான் பகலில் முதன்முதலாக அடித்துப்போட்ட மாதிரி தூங்கியது அன்றைக்குத்தான்.

மறுநாள் அவள் கைப்பம்பிலிருந்து குடத்தோடு திரும்பி வந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லு."

"கல்யாணமாயி ஆறு மாசம் ஆயும் பட்டப்பகல்ல கதவச் சாத்திக்கிறீங்களேடி, ராத்திரி டூட்டிக்கும் சேத்தா பகல்ல டூட்டி பாக்குறாருன்னு கேக்குறாளுவ. எல்லாரும் சிரிக்கிறாளுவ. நான் குடத்த வச்சிட்டு ஓடியாந்திருப்பேன், தண்ணி வேணுமேன்னு நின்னேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவமானமும் வந்தது. அவள் அழுதுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு யோசனை சொன்னாள். "நீங்க உள்ள தூங்குங்க. நான் வெளியில பூட்டிட்டு முந்திரி பொறுக்கப் போறேன். அவளுவ கண்ணு முன்னாலயே நிக்கிறேன். அப்புறம் எவ என்ன பேசுறான்னு பாக்குறேன்."

நீங்கள் சிரிக்க வேண்டிய இடம் இதுதான். ஆலையில் அத்தனை டன்னைத் தூக்கி இறக்குகிற ஆபரேட்டர், வாரம் முழுக்கத் தன் வீட்டுக்குள்ளேயே வெளிப்பூட்டுக்குப் பின்னால் ஒரு சொம்புத் தண்ணீரோடு கிடந்தேன். வீடு பூட்டிக் கிடக்கிறது என்று எவரும் கூப்பிடவும் இல்லை. அப்படி ஒரு தூக்கம் அதற்கு முன்னும் பின்னும் நான் தூங்கியதில்லை.

எல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான். ஷிப்ட் திரும்புகிற ஞாயிறு. சி முடித்து வந்து, பூட்டுக்குள் படுத்துவிட்டேன். என் அம்மா அண்ணன் வீட்டில், கீழத்தெருவில் இருந்தாள். கருவாட்டுக் குழம்பு வைத்தவள் சின்ன மகனுக்கு என்று ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். பூட்டைப் பார்த்துத் திரும்பியிருப்பாள். என் குறட்டை காட்டிக் கொடுத்துவிட்டது. ஜன்னல் சாக்கை விலக்கிப் பார்த்தாள்.

"அய்யய்யோ! எம் புள்ளய உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போயிட்டாளே! யாராச்சும் ஓடியாங்களேன்!"

தெருவே கூடிவிட்டது. நான் திடுக்கிட்டு எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், பட்டியில் அடைத்த ஆடு மாதிரி. வெளியே முப்பது நாற்பது முகம். சிலர் பயந்து பார்க்கிறார்கள், சிலர் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். யாரோ முந்திரிக்கொல்லைக்கு ஓடித் தவமணியைக் கூட்டிவந்தார்கள். அவள் வேர்த்து விறுவிறுத்து இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தாள்.

"புருசன பூட்டி வச்சிட்டுப் போறதுதான் ஒங்க வூட்டுப் பழக்கமா?" என்று அம்மா அவளைக் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏன்டா பகல்ல படுத்திருக்க? ஒடம்புக்கு என்னடா? நீதான் பூட்டச் சொன்னியா?"

தவமணி என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் என்ன என்று சொல்வது? தூக்கத்துக்காகப் பொண்டாட்டியை விட்டுப் பூட்டச் சொன்னேன் என்றா? வேலையில் தூங்கிவிழுந்தேன் என்றா?

"தலவலிம்மா," என்றேன். "படுத்தேன். பூட்டுனது எனக்குத் தெரியாது."

அன்றைக்கு ராத்திரி தவமணி எனக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. அடுத்த வேலையாக முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள். நான் கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டு விடிய விடியக் கிடந்தேன். தூக்கம் கெட்டதைவிட அவள் பேசாதது பெரிதாக இருந்தது. மன்னிப்புக் கேட்கக்கூட வெட்கமாக இருந்தது.

காலையில் ஆலைக்கு வந்தேன். ஏணியில் கை வைத்தேன். அந்தப் பக்கம் ஆரோக்கியசாமி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கடப்பாரையோடு ஹாப்பர் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். தூங்கிவிட்டு வந்திருப்பேன் என்ற நம்பிக்கை அந்த ஆளுக்கு. எனக்கு இரண்டு கண்ணிலும் மணல் போட்டது போல எரிகிறது. ஏறினால் பர்மனன்ட். ஏறாவிட்டால் மேலிடத்துக்கு ரிப்போர்ட். இரண்டு படி ஏறினேன். இறங்கிவிட்டேன்.

எங்கள் ஷிப்ட் போர்மேன் பழைய ஆபரேட்டர். வாய் மோசம், கை சுத்தம். அவரிடம் போய், "சார், நான் இன்னைக்கு ஏறல. ராத்திரி முழுக்கத் தூங்கல," என்றேன்.

"ஏன், புதுப்பொண்டாட்டி தூங்க விடலையா?"

ஹாலே சிரித்தது. எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. இருந்தாலும் அன்றைக்கு ஒரு காரியம் சரியாகச் செய்தேன். அங்கேயே நின்றேன். "ஆமா சார், தூங்கல. போன மாசம் இப்படித்தான் மேல தூங்கிட்டேன். கிராப் ஆரோக்கியசாமி அண்ணன் தலைக்கு மேல போயிடுச்சு," என்று சொல்லிவிட்டேன். சிரிப்பு நின்றது.

போர்மேன் தன் தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "நான் ஓட்டுறேன். நீ கீழ போயி அந்தாளோட வேல பாரு," என்று ஏணியில் ஏறிவிட்டார்.

அதைத் தண்டனை என்றுதான் அப்போது நினைத்தேன். ஜிப்சம் கூட்டினேன், சிந்தியதை அள்ளினேன். கொஞ்ச நேரத்தில் ஹாப்பர் அடைத்துக்கொண்டது. "இருங்க தம்பி, நான் எறங்குறேன்," என்றார் ஆரோக்கியசாமி. நான் கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டு நானே இறங்கினேன். குத்திக்கொண்டே அண்ணாந்து பார்த்தேன். தூரத்தில் கிராப் வாயை மூடிக்கொண்டு தொங்குகிறது. மேலே கேபினில் போர்மேன் முகம் சரியாகத் தெரியவில்லை. இவர் நேற்று ராத்திரி தூங்கினாரா என்று ஒரு நினைப்பு வந்தது பாருங்கள். அதன் பிறகு எனக்குக் குத்தவே ஓடவில்லை. கண் முழுக்க மேலேயே. ஆரோக்கியசாமி தினமும் இப்படித்தான் நின்றிருக்கிறார், எனக்குக் கீழே.

மத்தியானம் சாப்பிடும்போது அவரிடம் பூட்டுக் கதையைச் சொன்னேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சொன்னபோது வாயில் இருந்த சோறு தெறிக்கச் சிரித்தார். தலைவலி என்று சொன்னதைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டுத் தூக்கை மூடினார்.

ஷிப்ட் முடியும்போது போர்மேன் என்னைக் கூப்பிட்டுத் தொப்பியை வாங்கிக்கொண்டார். அவர் சொன்னதுதான் உங்கள் கேள்விக்குப் பதில், அதனால் அப்படியே சொல்கிறேன். "ஞாயித்துக்கெழம காலையில வந்தா கொஞ்ச நேரம் தூங்கு. மத்தியானத்துக்கு மேல கட்டையப் போடாத, எவ்ளோ கண்ணு சொருகுனாலும் எந்திரிச்சு வெயில்ல நட. சாயந்திரத்துக்கு மேல டீத்தண்ணி தொடாத. வெளக்கு வச்சதும் சாப்பிட்டுப் படுத்துடு. இதுக்கும் தூங்காம வந்தா எங்கிட்ட வந்து சொல்லு. சொல்லாம ஏறுனேன்னு தெரிஞ்சா அன்னைக்குத்தான் ஒனக்கு ரிப்போர்ட்." அவ்வளவுதான். நாற்பது வருஷமாக எனக்கு அதற்கு மேல் வித்தை எதுவும் தெரியாது. என் பர்மனன்ட் மற்றவர்களுக்கு அப்புறம்தான் வந்தது, ஆனாலும் வந்தது.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்த கையோடு, வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக ஆரோக்கியசாமி பஸ் பிடித்து எங்கள் ஊருக்கு வந்துவிட்டார். இடுப்பில் கடைசிப் பெண் குழந்தை. வெயிலில் ரோட்டிலிருந்து நடந்து வந்ததில் குழந்தை வாடிப்போயிருந்தது. அன்றைக்கு அம்மா எங்கள் வீட்டில் இருந்தாள். தவமணியிடம் முகம் கொடுத்துப் பேசாமல், எனக்கு மட்டும் கறி கொண்டு வந்திருந்தாள்.

"உள்ள வாங்கண்ணே, உக்காருங்க," என்று கட்டிலைக் காட்டினேன். அவர் என் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். வாசலோடு நின்றுகொண்டார். ஆலையில் என்னைத் தம்பி என்று கூப்பிடுகிறவர், அங்கே, "இருக்கட்டும் சார்," என்றார். அந்த "சார்" என்னைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. தவமணிதான் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் குழந்தைக்குப் புகட்டினாள்.

"ஆத்தா," என்று அவர் அம்மாவைக் கூப்பிட்டார். "ஒங்க புள்ள மேல கிரேன் ஓட்டுறாரு. நான் அதுக்குக் கீழ நின்னு வேல பாக்குறவன். அவரு ராத்திரி டூட்டி பாத்துட்டு வந்தா பகல்ல தூங்கணும் ஆத்தா. தூங்கலன்னா மேல கண்ணு சொக்கிடும். சொக்குனா நான் இல்ல. ஒரு தடவ தப்பிச்சிட்டேன். இவ எனக்கு நாலாவது. இந்த வூட்டுப் பொண்ணு பூட்டுனது தப்புன்னு பேசுறீங்களாம். அது பூட்டுன வாரந்தான் நான் பயமில்லாம வேல பாத்தேன். தெருவுல நாலு பேருட்ட நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும், ஆத்தா. அதக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

கெஞ்சுகிற குரல் இல்லை. சண்டை போடுகிற குரலும் இல்லை. என் தூக்கத்தை என் அம்மாவிடம் வந்து அவர் கேட்க வேண்டியிருந்தது. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன். சாப்பிடச் சொன்னோம், பஸ் போய்விடும் என்று கிளம்பிவிட்டார். ரோடு வரைக்கும் கூடப் போனேன். வழியில் குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன். அவர் மழையைப் பற்றி, முந்திரி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். என்னைக் குத்திக் காட்டி ஒரு வார்த்தை இல்லை.

திரும்பி வந்தபோது அம்மா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கறிக் கிண்ணம் மூடியபடி கிடந்தது.

"அந்த ஆளு சொன்னது நெசமாடா?"

"நெசந்தாம்மா."

"நீ தூங்காம போனா அவன் செத்துருவானா?"

"ஆமா."

"பூட்டச் சொன்னது நீதானா?"

தவமணி அடுப்படியில் கை வேலையை நிறுத்திவிட்டாள்.

"ரெண்டு பேருந்தாம்மா முடிவு பண்ணோம்."

"அன்னைக்கு அத்தன பேரு முன்னாடி எங்கிட்ட தலவலின்னியே. அவள வாய்க்கு வந்தபடி பேசுனேனே. ஏன்டா வாயத் தொறக்கல?"

"வெக்கமா இருந்துச்சும்மா."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். என்னைப் பெற்றவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"ஒன் வெக்கத்துக்கு அந்தப் புள்ளையோட அப்பன காவு கேட்டியேடா."